சைக்கிளில் தனியாகப் போகும்போது கிடைக்கும் உதவிக்கு என்ன கைம்மாறு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை மூன்று முறை தனியாகச் சைக்கிளில் போயிருக்கிறேன். இரண்டு முறை பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினேன், அப்போது வாடைக்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். ஒரு முறை தாமதமாகி மார்ச்சில் போய் வெயிலில் வாடினேன். இதைக் கேள்விப்பட்டுப் பேச வருகிறவர்கள், அதிலும் முதல் முறையாகத் தனியாகக் கிளம்பும் பெண்கள், கியரைப் பற்றியும் டயரைப் பற்றியும் கேட்டு முடித்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரே விஷயத்துக்குத்தான் வருகிறார்கள்: முன்பின் தெரியாதவர்கள் செய்கிற உதவியை எப்படி வாங்கிக்கொள்வது, எப்படித் திருப்பிச் செய்வது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

தனியா போறவங்களுக்கு வழியில உண்மையிலேயே அவ்வளவு உதவி கிடைக்குமா?

கிடைக்கும், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே. பஸ்ஸில் போகிறவர் யார் கண்ணிலும் படுவதில்லை, காரில் போகிறவரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து மிதித்து வருகிறவரைப் பார்த்தால்தான் "எந்த ஊரு, எங்க போறீங்க, தனியாவா?" என்று மூன்று கேள்வி வரும். மூன்றாவதற்கு ஆமாம் என்று சொன்ன அடுத்த நிமிஷம் கையில் ஏதாவது வந்துவிடும். தண்ணீர், டீ, இரண்டு வாழைப்பழம், சில நாள் மத்தியானச் சாப்பாடு, இருட்டிவிட்டால் படுக்க ஒரு திண்ணை. நாளுக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் மிதிக்கிறவர் எட்டு மணி நேரம் ஊர் ஊராக எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே போகிறார், அதனால் கிடைக்கிறது.

இதை நம்பி வெறுங்கையோடு கிளம்பச் சொல்லவில்லை. தங்கவும் சாப்பிடவும் உங்களிடம் பணம் இருக்க வேண்டும். பணமில்லாமல் போய் ஊரார் தலையில் விழுவதற்கும், பணம் இருந்தும் அவர்கள் அன்பாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கீழே நான் சொல்வதெல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான்.

சாப்பாடு போட்ட வீட்டுல காசு குடுத்துட்டு வர்றதுதானே நியாயம்?

இல்லை. நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். வேதாரண்யத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வீட்டில் மத்தியானம் சோறும் மீன் குழம்பும் போட்டார்கள். நேரில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்ததால், கிளம்பும்போது இருநூறு ரூபாயைச் செம்புக்கு அடியில் மடித்து வைத்துவிட்டு வந்தேன். மூன்று கிலோமீட்டர் வந்திருப்பேன். அந்த வீட்டுப் பையன் பள்ளிக்கூட நிக்கரோடு பெரிய சைக்கிளில் நின்றபடியே மிதித்துக்கொண்டு வந்து என்னைப் பிடித்தான். நோட்டை என் கையில் திணித்துவிட்டு "அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். கிளம்பும்போது சிரித்துக் கையாட்டிய அதே பையன், இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் என்னை விருந்தாளியாக உட்கார வைத்தார்கள், நான் அந்த வீட்டை ஓட்டலாக்கிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் ஒளித்து வைத்து. ஜிபே பண்ணட்டுமா என்று கேட்பதும் இதே வகைதான். அந்த வீட்டில் ஏதாவது விற்கிறார்கள் என்றால் விஷயம் வேறு. கருவாடோ முட்டையோ கீற்றோ எதுவானாலும் அவர்கள் சொல்கிற விலைக்கு, பேரம் பேசாமல் வாங்குங்கள். அந்தக் காசை அவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

பஞ்சர் கடைக்காரர் காசு வேணாம்னு சொல்றார். அதையும் அப்படியே விட்டுடலாமா?

கூடாது. அது அவருடைய பிழைப்பு. வீட்டுச் சோற்றுக்குச் சொன்ன பதில் கடைக்குப் பொருந்தாது. அவர் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்வார், நீங்கள் மூன்றாவது முறையும் கொடுங்கள். "போணி பண்ணாம போகக் கூடாதுண்ணே" என்று சொன்னால் அநேகமாக வாங்கிக்கொள்வார். அப்படியும் வாங்கவில்லையென்றால் அவர் கடையிலேயே பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பேட்ச், ஒரு டியூப் என்று எதையாவது வாங்குங்கள், எப்படியும் வழியில் தேவைப்படும்.

இதில் நான் செய்கிற இன்னொன்றையும் சொல்கிறேன். வெளிநாட்டு ரகச் சைக்கிள்கள் சிலவற்றில் டியூப் வால்வு மெல்லியதாக இருக்கும், பிரெஸ்டா என்பார்கள். நம் ஊர்க் கடை கம்ப்ரசரின் வாய் அதில் உட்காராது. சின்னதாக ஒரு பித்தளை அடாப்டரைத் திருகிவிட்டால் பைக் டயருக்குக் காற்றடிக்கிற மாதிரியே அடித்துவிடலாம். விலை கொஞ்சம்தான், எடை இல்லவே இல்லை. நான் நாலைந்து வாங்கிப் போட்டுக்கொண்டு போவேன். எந்தக் கடையில் நல்லபடியாகக் கவனித்தார்களோ அங்கே ஒன்றைக் கொடுத்து, எதற்கு என்று செய்து காட்டிவிட்டு வருவேன். இரண்டாவது பயணத்தில் மணமேல்குடி தாண்டி ஒரு கடையில் நிறுத்தினேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த அடாப்டரை நூலில் கட்டி ஆணியில் மாட்டி வைத்திருந்தார், நடுவில் இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு அது உதவியதாம்.

டீக்கடையில யாரோ ஒருத்தர் எனக்கும் சேர்த்துக் காசு குடுத்துட்டு, சொல்லாமலே போயிட்டார். அவரை எங்க தேடுறது?

தேடாதீர்கள். நீங்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தால் நின்றிருப்பார். கடைக்காரரிடம் "அந்த அண்ணே மறுபடி வந்தா சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், அது போதும்.

காசு கூடாதுன்னா கையில என்ன கொண்டு போறது?

கிளம்பும்போதே பரிசுப் பொருள் மூட்டை கட்டாதீர்கள். பத்தாவது கிலோமீட்டரிலேயே அது கனக்கும், சாக்லேட் என்றால் மத்தியானத்துக்குள் உருகிவிடும். ஒவ்வொரு பெரிய ஊரைத் தாண்டும்போதும் அடுத்த ஒரு நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பழம் எந்த வீட்டிலும் மறுக்கப்படாது. எனக்குப் பிடித்த வழி, கடந்து வந்த ஊரின் சரக்கைக் கொஞ்சமாக எடுத்துப் போவது. கடலூர் தாண்டும்போது பண்ருட்டி முந்திரி கால் கிலோ, திருச்செந்தூர் தாண்டினால் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு வட்டு. பக்கத்து மாவட்டத்துச் சரக்கு என்றால் அதைப் பற்றிப் பேச்சும் ஆரம்பித்துவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பை நிறைய பேனாவும் மிட்டாயும் வாங்கிக்கொண்டு போய், வழியில் கூடுகிற குழந்தைகளுக்கு வாரிக் கொடுக்காதீர்கள். அந்தக் குழந்தைகள் உங்களைப் பார்க்கத்தான் வந்தார்கள். அடுத்த முறை சைக்கிளில் வருகிறவரிடம் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவார்கள், அந்தப் பழக்கத்தை நாம்தான் கொடுத்துவிட்டு வருகிறோம். சைக்கிள் மணியை அடிக்க விடுங்கள், கியர் போட்டுக் காட்டுங்கள், அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

சரி, உண்மையில அவங்க நம்மகிட்ட என்னதான் எதிர்பார்க்கறாங்க?

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோமா என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். இதை நான் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

சாயல்குடிப் பக்கம் ஓர் அப்பத்தா வீட்டில் ஒரு ராத்திரி தங்கினேன். காலையில் கிளம்பும்போது "தூத்துக்குடி போய்ச் சேந்ததும் ஒரு போனு போட்டுருத்தா" என்றார், பேரனின் நம்பரை ஒரு சிட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். எழுபது கிலோமீட்டருக்கு மேல் பனங்காட்டு வழியாக மிதித்துப் போய்ச் சேர்ந்த களைப்பில் குளித்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் மறந்தே போனேன். அதற்கடுத்த நாள் சட்டைப்பையில் சிட்டை கிடைத்துக் கூப்பிட்டபோது பேரன்தான் எடுத்தான். நான் கிளம்பிய அன்று சாயங்காலம் வரை போன் வரவில்லையே என்று, அப்பத்தா அவனைப் பைக்கில் வேம்பார் வரைக்கும் போய்ச் சாலையோரமெல்லாம் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். டீக்கடை டீக்கடையாக நிறுத்தி, சைக்கிளில் ஒரு பொம்பளை போனாளா என்று விசாரித்திருக்கிறான். அப்பத்தா போனை வாங்கித் திட்டவில்லை. "வந்து சேந்துட்டியா, அது போதும்" என்றார்.

ஒரு ராத்திரி திண்ணை கொடுத்தவருக்கு நான் இரண்டு நாள் கவலையைக் கொடுத்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்த வீட்டில் தங்கினாலும், சாப்பிட்டாலும், அவர்கள் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். அன்று சாயங்காலம் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தியதும், குளிப்பதற்கு முன்னால், டீக்கு முன்னால், அந்தப் போன். ஒரு நிமிஷம்கூட ஆகாது. வாட்ஸப்பில் செய்தி போட்டுவிட்டேனே என்று இருக்காதீர்கள், பெரியவர்களுக்குக் குரல் கேட்க வேண்டும். எந்தப் பரிசுப் பொருளையும்விட இதற்குத்தான் அவர்கள் அவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள். முகம் தெரியாத ஒருத்தியை உள்ளே விட்ட அன்றே அவளைப் பற்றிய கவலையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள், அதை இறக்கி வைக்க நம்மால் மட்டும்தான் முடியும்.

ஊருக்குத் திரும்பின பிறகு ஏதாவது செய்யணும்னு தோணுது. என்ன செய்யலாம்?

போட்டோவைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். போனில் அனுப்புகிற படம் போன் மாறினால் போய்விடும், பிரிண்ட் சுவரில் இருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் படம் சீக்கிரம் மங்கிப்போகும், அதனால் ஸ்டூடியோவில் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். வீட்டில் எத்தனை பேர் படத்தில் நின்றார்களோ அத்தனை பேரும் தெரிகிற படமாகப் பாருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் அந்த வீட்டில் அது ஒரு குறையாகவே இருக்கும்.

முகவரியை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுத் தலைவர் பெயர், தெரு, ஊர், எந்த அஞ்சலகம், தாலுகா, ஆறு இலக்கப் பின்கோடு. சின்ன ஊர்களில் கதவு எண் இல்லையென்றாலும் பரவாயில்லை, அப்பா பெயரையும் சேர்த்துப் போட்டால் தபால்காரருக்குத் தெரிந்துவிடும். கூடவே நாலு வரி கையால் எழுதுங்கள். என்ன சாப்பிட்டோம், அன்றைக்கு என்ன பேசினோம் என்று ஏதாவது ஒன்று அதில் இருக்கட்டும்.

எத்தனை டீதான் குடிக்கறது? வேணாம்னு சொன்னா தப்பா எடுத்துக்குவாங்களா?

நாலாவது டீயை மறுப்பதில் தப்பே இல்லை, ஆனால் எதையுமே வாங்கிக்கொள்ளாமல் போகாதீர்கள். "டீ வேணாம்க்கா, பாட்டில்ல தண்ணி மட்டும் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள், கொடுத்த திருப்தியும் அவர்களுக்கு இருக்கும், உங்கள் வயிறும் தப்பிக்கும். இருட்டுவதற்குள் போக வேண்டும் என்பது எல்லோரும் ஒத்துக்கொள்கிற காரணம், அதைச் சொன்னால் அவர்களே விரட்டி அனுப்பிவிடுவார்கள்.

ராத்திரி தங்கின வீட்டுல என்ன வேலை செஞ்சு குடுக்கலாம்?

கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்றுதான் வரும். கேட்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் நாலு வெங்காயத்தை எடுத்து நீங்களும் உரியுங்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வையுங்கள், படுத்த பாயைச் சுருட்டி வையுங்கள், குளிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள் என்றால் காலையில் நீங்கள் ஒரு குடம் பிடித்து வையுங்கள். வீட்டில் சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. செயினுக்கு எண்ணெய் விடுவது, லூசான பிரேக்கை முறுக்குவது, சீட்டை அந்தப் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றி வைப்பது. நம்மிடம் எப்படியும் ஸ்பேனரும் எண்ணெயும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எல்லா நாளும் கிறீச் கிறீச்சென்று மிதித்துப் போன சைக்கிள், எண்ணெய் விட்டதும் சத்தமே இல்லாமல் போகிறது என்று தெருவில் நாலு சுற்று சுற்றிவிட்டு வந்தாள்.

எங்களைவிட வசதி குறைஞ்ச வீட்டுல சாப்பிட மனசு கேக்கல. மறுத்துட்டா நல்லதில்லையா?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது, இதற்குத்தான் எனக்கும் ரொம்ப நாள் பதில் தெரியவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் குடிதண்ணீரின் நிலைமை என்ன என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தூரத்துக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள், சில இடங்களில் மணலில் ஊற்று தோண்டி அகப்பையால் மொண்டு மொண்டு நிரப்புகிறார்கள், குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தும் வாங்குகிறார்கள். அப்படி ஒரு வீட்டில் என் இரண்டு பாட்டிலையும் கேட்காமலே வாங்கி நிரப்பிக் கொடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அக்கா சிரித்துக்கொண்டே, "நாங்க என்ன ஒரு வாய்த் தண்ணிக்குக்கூட வக்கில்லாதவங்களா?" என்று கேட்டார்.

அதிலிருந்து மறுப்பதில்லை. ஏழைகள் கொடுப்பதை இரக்கப்பட்டு மறுத்தால், நீ கொடுக்கிற இடத்தில் இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுகிற மாதிரி ஆகிவிடும். ஆனால் அளவை நம் கையில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் போவதற்கு முன்னால் ராமநாதபுரம் டவுனிலேயே தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள், அப்போது அரைப் பாட்டில் வாங்கினால் போதும். சாப்பாட்டில் இரண்டாவது முறை போட வந்தால் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கு முன்னால் உப்பளத்தில், விடியற்காலையிலிருந்து வாரிக் களைத்துக் கொட்டகை நிழலுக்கு வந்திருந்த பெண்கள் தங்கள் தூக்குவாளியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்கள். நான் பையிலிருந்த வாழைப்பழத்தை எல்லாம் எடுத்து நடுவில் வைத்தேன், எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். கைம்மாறு என்றே அங்கே யாருக்கும் தோன்றவில்லை. முடிந்தவரை இப்படி உட்கார்ந்து பகிர்ந்துகொள்ளப் பாருங்கள்.

கோயில் அன்னதானம், பள்ளிவாசல் கஞ்சி இதெல்லாம் நாம சாப்பிடலாமா? அதுக்குக் கைம்மாறு உண்டா?

தாராளமாகச் சாப்பிடலாம், வழிப்போக்கருக்கும் சேர்த்துத்தான் வைக்கிறார்கள். கடலூரிலிருந்து சாலையை விட்டு உள்ளே போனால் வடலூர். 1867-ம் ஆண்டு மே 23-ம் தேதி வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்றைக்கு மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடவில்லை. யார் என்ன என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். மார்ச்சில் போனபோது ரமலான் மாதம். தொண்டிப் பக்கம் ஒரு பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சி வாங்கப் பாத்திரத்தோடு நின்ற கூட்டத்தில் என்னையும் முன்னால் விட்டு, பாத்திரம் இல்லையென்று அவர்களே ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். ராமேசுவரம் போகிற யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் ஒரத்தநாடு, ராஜாமடம் என்று இந்த வழிகளில் இன்றும் நிற்கின்றன. நடந்து போகிறவருக்குச் சோறும் படுக்க இடமும் கொடுப்பது இந்த மண்ணில் புதிதல்ல.

இந்த இடங்களில் காசு கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். வீட்டில் கூடாது என்றேனே, இங்கே அது பொருந்தாது, ஏனென்றால் இங்கே போடுகிற காசு அடுத்தவர் இலைக்குப் போகிறது. ரசீது போடுகிற இடம் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், தருமச்சாலைக்கு அரிசி பருப்பாகவும் கொடுக்கலாம். பந்தியில் ஆள் குறைவாக இருந்தால் தண்ணீர் ஊற்ற நில்லுங்கள்.

உதவினவங்களோட படத்தைப் போட்டு, பேரு ஊரு சொல்லி எழுதலாமா? அதுவும் ஒரு நன்றிதானே?

எழுதாதீர்கள். நான் எழுதினேன். முதல் பயணம் முடிந்ததும் ஒரு வீட்டைப் பற்றி, ஊர்ப் பெயர், வீட்டு அடையாளம், அந்த அம்மாவின் சிரித்த முகம் எல்லாம் போட்டு உருகி எழுதினேன். நிறையப் பேர் படித்தார்கள். அப்புறம் நாலைந்து மாதத்தில் மூன்று கூட்டம் பைக்கில் அந்த வீட்டுக்கே போய் இறங்கியிருக்கிறது, ஒரு கூட்டம் ராத்திரி ஒன்பது மணிக்கு. அந்த அம்மா அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டிருக்கிறார். போனில் என்னிடம் குறையாக ஒன்றும் சொல்லவில்லை, "உன் பேரைச் சொல்லிட்டு வந்தாங்க, எப்படி இல்லைன்னு சொல்றது" என்றார். அன்றே அந்தப் பதிவை எடுத்துவிட்டேன்.

எழுத வேண்டும் என்றால் ஊரைப் பொதுவாகச் சொல்லுங்கள், ஆளையும் வீட்டையும் சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்திலும் அப்படித்தான் செய்திருக்கிறேன். கடை என்றால் கேட்டுவிட்டுப் பெயர் போடலாம், வியாபாரம் வந்தால் அவர்களுக்கு நல்லதுதான்.

பொண்ணா தனியா போறேன். உதவி பண்ண ஆள் நம்பர் கேக்கறார், பின்னாலயே வர்றார். நன்றிக்காகப் பொறுத்துக்கணுமா?

பொறுத்துக்கொள்ளவே வேண்டாம். காற்றடித்துக் கொடுத்ததற்குக் காற்றடித்த கூலியும் ஒரு நன்றியும்தான் கடன். உங்கள் நம்பர், ராத்திரி எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரம், சேர்ந்து ஒரு செல்ஃபி, இதில் எதுவும் அந்தக் கடனில் சேராது. "உதவி பண்ணேனே, இதுகூடக் கிடையாதா?" என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் அவர் செய்தது உதவியே இல்லை, நன்றியைப் பற்றி யோசிப்பதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்துக்குப் போய் நின்றுவிடுங்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னேன் அல்லவா, அதோடு இது முட்டாது. நான் நம்பர் வாங்குவது அந்த வீட்டு அக்காவிடமோ அம்மாவிடமோதான். உதவி செய்தவர் ஆணாக இருந்து, நல்ல மனுஷர் என்று மனசுக்குப் பட்டால், "வீட்டுல அக்கா நம்பர் குடுங்கண்ணே, சேர்ந்ததும் அவங்ககிட்ட சொல்லிடறேன்" என்பேன். நல்லவர் உடனே கொடுப்பார். தங்குவதற்கும் இதே கணக்குத்தான், பெண்கள் இருக்கிற வீட்டில், அவர்கள் கூப்பிட்டால் மட்டும்.

கீழ விழுந்து அடிபட்டேன். ஆஸ்பத்திரியில சேர்த்தவர் பேரைக்கூடச் சொல்லாம போயிட்டார். எப்படியாவது கண்டுபிடிக்கணும்.

உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அவர் ஏன் போனார் என்பதையும் யோசிக்க வேண்டும். விபத்தில் அடிபட்டவரைச் சேர்த்தால் போலீஸ், சாட்சி, கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்ற பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்து, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறார்கள். 2020-ல் வந்த விதிகளின்படி பெயர், முகவரி சொல்லும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சொல்லாமல் போவது அவருடைய உரிமை. ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள், விருப்பப்பட்டு நம்பர் விட்டுப் போயிருந்தால் கூப்பிடுங்கள், இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

அவருக்குச் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டம் இருக்கிறது என்பதையும், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது என்பதையும் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லுங்கள். 108-ஐக் கூப்பிடவும் பக்கத்தில் நிற்கவும் யாரும் பயப்பட வேண்டியதில்லை. சொல்லும்போது உங்கள் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்போதுதான் மனசில் நிற்கும்.

தங்கின வீட்டுக்காரர் இப்ப போன் பண்ணி, பையனுக்குச் சென்னையில வேலை பார்த்துக் குடுன்னு கேக்கறார். என்னால முடியாது. என்ன சொல்றது?

முடியாததை முடியும் என்று சொல்லாதீர்கள், போனை எடுக்காமலும் இருந்துவிடாதீர்கள். இரண்டாவதுதான் பெரிய துரோகம். வேலை வாங்கித் தருகிற இடத்தில் நான் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டு, உங்களால் முடிந்த சின்ன விஷயத்தைச் செய்யுங்கள். பையன் இன்டர்வியூவுக்கு வந்தால் எந்த ரயில், எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் குறைந்த வாடகையில் அறை கிடைக்கும், எந்த ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுத்து ஏமாறக் கூடாது என்று சொல்லுங்கள். ஒரு வேளை சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தெரியாத ஊரில் போன் எடுத்துப் பேச ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும், அங்கே போனபோது நமக்கு அவர்கள்தான் அப்படி இருந்தார்கள். கடன் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றுகிற தொகையைக் கொடுங்கள், அதற்கு மேல் இல்லை.

நமக்குக் கிடைச்ச உதவிக்குப் பதிலா வேற சைக்கிள்காரங்களை நம்ம வீட்டுல தங்க வைக்கணுமா? நான் வாடகை வீட்டுல இருக்கேன்.

வைக்க முடிந்தால் நல்லது. இதற்காகவே 1993-லிருந்து வார்ம்ஷவர்ஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு மற்ற சைக்கிள்காரர்கள் வீட்டில் இடம் கொடுக்கிறார்கள், தங்குவதற்குக் காசு வாங்குவதில்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வந்த பிறகு படிக்கட்டில் நின்று விளக்கம் சொல்வது வருகிறவருக்கும் சங்கடம். நான் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருக்கிறேன், அதனால் பெண்களை மட்டும், ஒரு ராத்திரி அல்லது இரண்டு ராத்திரி தங்க வைக்கிறேன். முடியாத வீட்டில் இருக்கிறவர்கள் வருத்தப்பட வேண்டாம். சாலையில் பார்க்கிறவருக்கு வழி சொல்லி ஒரு பாட்டில் தண்ணீர் நிரப்பிக் கொடுக்க வாடகை வீடு தடையில்லை.

தங்க வைத்தால் என்ன தேவை என்று எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரியும், அதைச் சொல்லி விடுகிறேன். வந்ததும் பேச உட்கார வைக்காதீர்கள், முதலில் ஒரு வாளி வெந்நீர். சைக்கிளை உள்ளே எடுத்து வைக்க இடம், அதற்கு ஒரு பழைய விரிப்பு. துணி துவைக்கச் சோப்பும் காயப்போடக் கொடியும். போன் சார்ஜ் போட ஒரு பிளக். சோறு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வையுங்கள், போன மாதம் வந்த பெண் எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தாள், நான்தான் பார்த்து மாவை மறுபடி ஊற்றினேன். வெயிலுக்கு முன்னால் கிளம்புவார்கள், அதனால் நாலரை மணிக்கு எழுந்து கதவைத் திறந்துவிட நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.